விசிட்டிங் கார்டு அளவில் 640 ஆங்கிலச் சொற்கள்

முதல் மாதிரித் தேர்வில் வெர்பல் மதிப்பெண் 147. ஜிஆர்இ என்பது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் தேர்வு. அதில் ஆங்கிலத்தைச் சோதிக்கும் பகுதியான வெர்பலுக்கு 130-இல் தொடங்கி 170 வரை மதிப்பெண். நான் விண்ணப்பிக்க நினைத்த பல்கலைக்கழகங்களுக்கு 155-ஆவது தேவைப்பட்டது. அதற்கு முன்னால் இரண்டு மாதம் சொற்களை மனப்பாடம் செய்திருந்தேன் என்பதுதான் வருத்தம். அந்தப் படிப்பில் எங்கே பழுது இருந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். தமிழ்வழியில் படித்து இந்தத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். வீடு சிவகாசி. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ். அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் ஆரம்பித்தேன். சொல்லைக் காட்டி, தட்டினால் அதன் பொருளைக் காட்டும் அட்டைகளைக் கொண்ட அன்கி என்ற செயலியைப் போனில் ஏற்றி, யாரோ தயாரித்து வைத்திருந்த ஆயிரம் சொற்கள் கொண்ட அட்டைக்கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டேன். தினம் 40 புதுச் சொல் என்று வைத்தேன். முதல் வாரம் உற்சாகமாகப் போனது. ஆனால் அந்தச் செயலி பழைய சொற்களையும் திரும்பத் திரும்பக் கேட்கும். மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு நாளைக்குப் பார்க்க வேண்டிய அட்டைகள் 300-ஐத் தாண்டின. நைட் ஷிஃப்ட் வந்து நான்கு நாள் விட்டுப்போனது. ஐந்தாம் நாள் திறந்தால் 700-க்கு மேல் நின்றது. அதன்பின் பார்த்ததெல்லாம் படிப்பே இல்லை. சொல்லைப் பார்த்ததும் கட்டைவிரல் தானாக 'தெரியும்' பொத்தானை அழுத்தியது.

கூடவே ஒரு பயிற்சி மையத்தில் கொடுத்த ஜெராக்ஸ் பட்டியலும் கையில் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு எதிர்ச்சொல் மட்டும். அது எந்தக் காலத்துப் பட்டியல் என்று பிறகுதான் புரிந்தது. எதிர்ச்சொல் கேள்விகளையும் ஒப்புமைக் கேள்விகளையும் 2011 ஆகஸ்டிலேயே தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வருவது வாக்கியத்தில் கோடிட்ட இடம், அப்புறம் வாசிப்புப் பகுதி. சொல்லைத் தனியாகப் பிடுங்கி யாரும் கேட்பதில்லை.

ஆலையில் மோட்டார் ஓடவில்லை என்றால் எடுத்த எடுப்பில் காயிலைக் கழற்ற மாட்டோம். சப்ளை வருகிறதா, ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகியிருக்கிறதா, டெர்மினல் தளர்ந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். 147-ஐப் பார்த்து இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அதையே செய்தேன். தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே பவர்பிரெப் என்ற மாதிரித் தேர்வு இரண்டை இலவசமாகத் தருகிறது. நான் எழுதியது அதில் ஒன்று. வெர்பலில் மொத்தம் 27 கேள்வி: 12 கேள்விக்கு 18 நிமிடம், 15 கேள்விக்கு 23 நிமிடம். எனக்குத் தவறானவை 14. வாசிப்புப் பகுதியில் போன ஆறைத் தனியாக வைத்தேன். கோடிட்ட இடத்தில் போன எட்டையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஏன் போனது' என்று ஒரே வரி எழுதினேன்.

அந்த எட்டில், என் வாழ்க்கையில் பார்த்தே இராத சொல்லால் போனவை இரண்டுதான். இன்னும் இரண்டில் எல்லாச் சொற்களும் தெரியும், வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பிடிக்கவில்லை. மீதி நான்கும் எனக்குத் 'தெரிந்த' சொற்கள். அந்த நான்கைப் பார்த்துத்தான் படிக்கும் முறையையே மாற்றினேன். ஆயிரம் சொல்லை இரண்டாயிரம் ஆக்கியிருந்தாலும் அந்த நான்கும் போயிருக்கும்.

சாங்ஷன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். லோன் சாங்ஷன் ஆச்சு, லீவ் சாங்ஷன் ஆச்சு என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறோம். நம் காதில் அது அனுமதி மட்டும்தான். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்குத் தண்டனை, தடை என்றும் பொருள் உண்டு. ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை போடுவதும் சாங்ஷன்தான். குவாலிஃபை என்றால் நமக்குத் தகுதி பெறுவது. ஆனால் ஓர் ஆய்வாளர் தன் கருத்தைக் குவாலிஃபை செய்தார் என்று வந்தால், 'எல்லா இடத்துக்கும் பொருந்தாது, இந்த அளவுக்குத்தான்' என்று அதற்கு வரம்பு கட்டினார் என்று பொருள். அரெஸ்ட் என்றால் நமக்குப் போலீஸ்தான் நினைவுக்கு வரும். அங்கே நோய் பரவுவதையும் அரெஸ்ட் செய்யலாம், அதாவது தடுத்து நிறுத்தலாம். செக் என்பதும் இப்படியே, கட்டுக்குள் வைப்பது. அப்ரோப்ரியேட் வினைச்சொல்லாக வந்தால் அடுத்தவர் பொருளைத் தனதாக்கிக்கொள்வது. ஃப்ளாக் வினையாக வந்தால் சோர்ந்து தொய்வது. ஹோம்லி என்ற சொல் நம் கல்யாண விளம்பரங்களில் பாராட்டு. அமெரிக்க ஆங்கிலத்தில் ஒருவரை அப்படிச் சொன்னால் பார்க்க அழகில்லாதவர் என்று அர்த்தம்.

டெம்பர் என்ற சொல் மட்டும் எனக்கு ஒர்க்‌ஷாப்பால் பிடிபட்டது. நமக்கு டெம்பர் என்றால் கோபம். தேர்வில் வரும் டெம்பர் மட்டுப்படுத்துவது. எஃகைச் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்தால் கடினமாகும், ஆனால் அடித்தால் உடையும். மறுபடி அளவாகச் சூடாக்கி அந்த உடையும் குணத்தைக் குறைப்பார்கள், அதற்குப் பெயர் டெம்பரிங். உற்சாகத்தை எச்சரிக்கையால் டெம்பர் செய்தார் என்ற வாக்கியம் வந்தால் எனக்கு இப்போது உலைதான் கண்ணில் தெரிகிறது.

பேச்சுத் தமிழில் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலச் சொற்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது என் முதல் முடிவு. அகராதியில் அவற்றின் இரண்டாவது, மூன்றாவது பொருளைப் பார்த்து ஒரு தனிக் கட்டு போட்டேன். 46 அட்டை வந்தது. பிறகு ஒரு பெட்டியில் நான் சேர்த்த எல்லா அட்டைகளிலும் அதிகமாகப் பலன் கொடுத்தவை இந்த 46தான்.

சரி, அந்தப் பெட்டிக்கு வருகிறேன். போன் செயலியை நிறுத்திவிட்டுக் கையால் எழுதும் அட்டைக்கு மாறினேன். ஜெர்மன் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் எழுதி வைத்த முறை: பெட்டியில் ஐந்து அறை, எல்லா அட்டையும் முதல் அறையில் தொடங்கும், சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு, மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒரு முறை, நான்காவதை வாரம் ஒரு முறை, ஐந்தாவதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று நான் வைத்துக்கொண்டேன். போன் செயலியும் உள்ளுக்குள் இதே எண்ணத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அட்டையைக் கையால் எழுதினால் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் எழுத முடியாது. அந்தத் தடைதான் எனக்குத் தேவைப்பட்டது.

சிவகாசியில் அட்டைக்கா பஞ்சம்? மாமா அச்சகத்தில் கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஓரத் துண்டுகள் குவிந்து கிடக்கும். "மாப்ளே, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ, அளவைச் சொல்லு, வெட்டித் தரச் சொல்றேன்" என்றார். விசிட்டிங் கார்டு அளவு, மூன்றரைக்கு இரண்டு இஞ்ச். முதலில் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில் 200 வெட்டி வாங்கினேன். அது தவறு. ஆர்ட் போர்டு இரண்டு பக்கமும் பளபளப்பு. ஜெல் பேனாவில் எழுதினால் காயவே இல்லை, அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டியது. பால்பாயின்ட் வழுக்கியது. எழுதிய 30 அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு, கல்யாணப் பத்திரிகைக்கு வரும் பூச்சில்லாத மேட் அட்டைக்கு மாறினேன். அதில் சாதாரண பால்பாயின்ட் பேனா அழகாகப் பிடிக்கும், வியர்வைக் கை பட்டாலும் கலையாது. அட்டை செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒரே ஒரு அட்டையில் எழுதி, ஒரு நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு மீதியை வெட்டுங்கள்.

பெட்டி, ஷூ வாங்கிய பெட்டி. அகலவாக்கில் இரண்டு வரிசை அட்டை நிற்கும். அறைகளைப் பிரிக்க, பழைய தினசரி காலண்டரின் பின் அட்டையை அறுத்துச் செருகினேன். அட்டை குறைவாக இருக்கும் நாட்களில் சரிந்து விழும் என்பதால் பின்னால் ஒரு தெர்மாகோல் துண்டு.

அட்டையில் என்ன எழுதுவது என்பதை மூன்று முறை மாற்றினேன். முதல் வடிவத்தில் முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். பழைய பட்டியலின் அதே பழுது. இரண்டாவது வடிவத்தில் முன்பக்கம் ஒரு முழு வாக்கியம், சொல்லின் அடியில் கோடு. வாக்கியத்தை நானே உருவாக்கவில்லை, படிக்கும் கட்டுரையிலிருந்து எடுத்தேன். ஸ்மித்சோனியன், ஸயின்டிஃபிக் அமெரிக்கன் போன்ற இதழ்களின் கட்டுரைகள், தி இந்து தலையங்கம் ஆகியவற்றில் கண்ணில் பட்ட சொல் மட்டும்தான் அட்டையாகும். பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எதையும் எழுதுவதில்லை. மூன்றாவது வடிவத்தில் பின்பக்கத்தில் ஒரு மூலையில் நிறம் சேர்ந்தது. பாராட்டும் சொல் என்றால் பச்சை, இகழும் சொல் என்றால் சிவப்பு, இரண்டும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை. அப்புறம் தமிழ்ச் சொல்.

அந்தத் தமிழ்ச் சொல்தான் என்னைத் தடுமாற வைத்தது. ஆங்கிலம்-தமிழ் அகராதியில் கிடைப்பது பெரும்பாலும் விளக்கம். இக்விவோகேட் என்பதற்கு 'இருபொருள்படப் பேசு' என்று இருக்கும். அதைப் படித்தால் எனக்குச் சிலேடைதான் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா எட்டாவது வரை படித்தவர். "என்னடா அது, வாயிலேயே முனகிக்கிட்டு இருக்க?" என்றார்.

"ஒருத்தன்கிட்ட நேரா ஒரு கேள்வி கேட்டா, ஆமான்னும் சொல்லாம இல்லைன்னும் சொல்லாம, நாளைக்கு மாட்டிக்காத மாதிரி பதில் சொல்றான்மா. அதுக்கு ஒரு வார்த்தை."

"மழுப்புறான். அதுக்கு எதுக்கு இவ்வளவு நீளம்?"

மழுப்பு. எனக்குத் தெரிந்த சொல்தான். ஆனால் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தபோது அது வாய்க்கு வரவே இல்லை. அன்றிலிருந்து தினமும் இரவு பத்து அட்டையின் சூழ்நிலையைத் தமிழில் சொல்வேன், ஆங்கிலச் சொல்லைச் சொல்ல மாட்டேன். அம்மா கொடுக்கும் சொல்லை அப்படியே பின்பக்கம் எழுதுவேன். ஆப்சீக்வியஸ்: கூழைக் கும்பிடு. கேருலஸ்: தொணதொணப்பு. டாசிடர்ன்: "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்திரும்கிற மாதிரி இருப்பாங்களே." ப்ரஸ்க்: முகத்தில் அடித்தாற்போல் பேசுவது. அகராதியில் மூன்று வரி எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சொல்லில் வந்து விழும். அந்தச் சொல்லோடு நம் தெருவில் ஒரு மனிதர் முகமும் சேர்ந்து வரும். அப்படி எழுதிய அட்டை பெரும்பாலும் முதல் அறைக்குத் திரும்பவே இல்லை.

நிறம் குறிப்பதிலும் அம்மாதான் துல்லியம். ஃப்ரூகல், பார்சிமோனியஸ், மைசர்லி மூன்றுக்கும் நான் 'சிக்கனம்' என்றே எழுதி வைத்திருந்தேன். தேர்வில் அப்படிக் குழப்பினால் கேள்வி போயிற்று. சூழ்நிலையைச் சொன்னதும், "வீட்டுக்கு வேணும்கிறதுக்குச் செலவு பண்ணி, வேண்டாததுக்குப் பண்ணாதவன் சிக்கனக்காரன். வேணும்கிறதுக்கே யோசிக்கிறவன் கஞ்சன். கையில வச்சுக்கிட்டே பட்டினி கிடக்கிறவன் கருமி" என்றார். மூன்று அட்டை, ஒரு பச்சை, இரண்டு சிவப்பு.

ஆங்கிலத்தின் உள்ளே இருக்கும் வேர்களையும் பார்த்தேன். பேசுவது என்ற பொருள் கொண்ட லத்தீன் வேர் ஒன்று லொக்வேஷியஸ், எலக்வென்ட், கலோக்வியல், சர்கம்லொக்யூஷன், சொலிலக்வி என்று வரிசையாக ஓடும். ஐந்து சொல்லுக்கு ஒரு வேர் என்பது நல்ல லாபம். கதையுள்ள சொற்களும் ஒட்டிக்கொள்ளும். லக்கானிக், அதாவது மிகக் குறைவான சொற்களில் பேசுவது, ஸ்பார்ட்டா இருந்த லக்கோனியா பகுதியிலிருந்து வந்தது. மாசிடோனிய மன்னன் பிலிப், 'நான் லக்கோனியாவுக்குள் நுழைந்தால் உங்களைத் தரைமட்டமாக்குவேன்' என்று சொல்லி அனுப்ப, ஸ்பார்ட்டாக்காரர்கள் 'நுழைந்தால்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பியதாகக் கதை. அதைப் படித்த பிறகு அந்த அட்டையை நான் புரட்டிப் பார்த்ததே இல்லை.

ஆனால் வேரை நம்பித் தேர்வில் ஊகிக்கக் கூடாது. எனர்வேட் கேட்க எனர்ஜி மாதிரி இருக்கும். பொருள் நேர் எதிர், வலுவை உறிஞ்சிவிடுவது. நாய்சம் சத்தம் இல்லை, தொல்லை தரும் நாற்றம். ரெஸ்டிவ் ஓய்வு இல்லை, அடங்க மறுப்பது. இன்ஜீனியஸ் புத்திசாலித்தனம். அதில் ஒரு எழுத்து மாறி இன்ஜெனுவஸ் ஆனால் கள்ளங்கபடம் இல்லாதது. டிஸ்க்ரீட் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொல் உண்டு. ஒன்றில் இரண்டு 'இ' எழுத்தும் ஒட்டி நிற்கும், அது நாசூக்காக நடந்துகொள்வது. இன்னொன்றில் 'டி' எழுத்து நடுவில் நின்று இரண்டு 'இ'யையும் பிரிக்கும், அதன் பொருளும் தனித்தனியானது. இந்த மாதிரிச் சொற்களை ஒரே அட்டையில் எழுதவே கூடாது. ஒன்றாக எழுதினால் இரண்டும் ஒன்றாகவே குழம்பும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் ஒன்றை மட்டும் எழுதி அது நான்காம் அறைக்குப் போன பிறகுதான் இரண்டாவதை உள்ளே விட்டேன்.

ஒரு சொல்லை எழுதும்போது மட்டும் கை நின்றது. பரையா. பழைய ஜெராக்ஸ் பட்டியலில் 'ஒதுக்கப்பட்டவர்' என்று ஒரு வரியில் கடந்து போயிருந்தார்கள். கட்டுமரமும் சுருட்டும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன மாதிரி போன சொல்தான் இது. ஆனால் இது பொருளின் பெயர் இல்லை, மனிதர்களின் பெயர். பறையோடு சேர்ந்த ஒரு மக்களின் பெயரை எடுத்து, உலகத்தில் யாரை ஒதுக்கினாலும் சொல்லும் சொல்லாக ஆங்கிலம் வைத்திருக்கிறது. வாக்கியத்தில் வந்தால் பொருள் தெரிய வேண்டும் என்பதால் அட்டை எழுதினேன். பின்பக்கம் இந்த வரலாற்றையும் எழுதி, 'படிக்க மட்டும், எழுத அல்ல' என்று குறித்தேன். எழுத வேண்டிய இடத்தில் அவுட்காஸ்ட் என்ற சொல் இருக்கிறது. வெளியே தள்ளப்பட்டவர் என்பதே அதன் நேர்பொருள், சாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அதற்கு உறவு கிடையாது.

இனி வாக்கியத்தின் திருப்பம். நோட்டில் குறித்த இரண்டு கேள்விகளும் சின்னச் சொற்களால் போனவை. ஆல் பட், எனிதிங் பட், நத்திங் பட் மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி. ஆல் பட் என்றால் கிட்டத்தட்ட. எனிதிங் பட் என்றால் துளியும் இல்லை. நத்திங் பட் என்றால் அது மட்டுமே. 'அவர் பதில் எனிதிங் பட் இக்விவோக்கல்' என்றால் மழுப்பல் கொஞ்சமும் இல்லாத பதில். மழுப்பல் என்ற சொல் தெரிந்தும் இந்த இடத்தில் தவறினால் கேள்வி முழுக்கப் போகும். ஃபார் ஃப்ரம், ஆல்பீட், நாட்வித்ஸ்டாண்டிங் இவற்றையும் சேர்த்து 18 அட்டை. இவற்றுக்கு முன்பக்கத்தில் வாக்கியத்தைக் கோடிட்ட இடத்தோடு எழுதினேன். கோட்டில் என்ன வரும் என்பதை, கீழே கொடுத்திருக்கும் விடைகளைப் பார்க்காமல் முதலில் தமிழில் சொல்ல வேண்டும் என்பது விதி.

இரண்டு விடை கேட்கும் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்விக்கு ரப்பர் பேண்டு உதவியது. கொடுத்திருக்கும் ஆறு சொல்லில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டும் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தர வேண்டும், ஒன்று மட்டும் சரியானால் மதிப்பெண் இல்லை. நன்றாகப் பொருந்தும் ஒரு சொல்லைத் துணையில்லாமல் விட்டிருப்பார்கள். வாக்கியத்துக்கே ஒட்டாத இரண்டு சொற்களை ஜோடியாகவும் வைத்திருப்பார்கள். ஞாயிறுதோறும் ஐந்தாம் அறை அட்டைகளைத் தரையில் பரப்பி, ஒரே பொருள் கொண்டவற்றைக் கட்டாகக் கட்டினேன். எந்தக் கட்டிலும் சேராத அட்டை எது, சேர்த்த கட்டில் எது உண்மையில் சேராது என்று வாதாடியதில்தான் அமீலியரேட்டும் மிட்டிகேட்டும் பிரிந்தன. முன்னது நிலைமையை மேம்படுத்துவது, பின்னது கெடுதலின் கடுமையைக் குறைப்பது.

பதினோரு வாரத்தில் 640 அட்டை. இரண்டாவது பவர்பிரெப்பில் 153. உண்மைத் தேர்வில் 157. கோடிட்ட இடத்தில் முதல் வேகத்தில் எல்லாவற்றையும் முடித்து, சந்தேகமானவற்றைக் குறித்து வைத்துத் திரும்பிப் பார்க்க நேரம் இருந்தது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால் ஒன்றையும் விடாமல் நிரப்பினேன். மூன்று கோடிட்ட இடம் வரும் கேள்வி ஒன்று மட்டும் கடைசி வரை பிடிபடவில்லை. வாசிப்புப் பகுதியில் நான் இன்னும் பலவீனம்தான். பெட்டி அதற்குப் பெரிதாக உதவவில்லை, படித்த கட்டுரைகள் கொஞ்சம் உதவின. மறுபடி தொடங்கினால் மாதிரித் தேர்வையும் தவறு நோட்டையும் முதல் நாளே வைத்துக்கொள்வேன், கட்டுரை வாசிப்பை இரண்டு மடங்காக்குவேன்.

பெட்டி இன்னும் மேசையில் இருக்கிறது. அம்மாவும் நானும் எவ்வளவு பேசிப் பார்த்தும் ஒற்றைத் தமிழ்ச் சொல் கிடைக்காத அட்டைகள் 11. விம்ஸிகல், சாங்குவின், பாய்ன்யன்ட் எல்லாம் அதில் உண்டு. மற்ற அட்டைகளில் பேனாவால் எழுதியிருக்கிறேன். இந்த 11-இன் பின்பக்கம் மட்டும் பென்சில்.